கண்காணி

சபைத் தேர்தலுக்கான துண்டுப் பிரசுரமொன்றில் ‘பிஷப் அதிகாரம்’ என்ற தொடரை அண்மையில் கோவையில் கண்டபோது, அச்சொல்லின் பூர்வீகத்தை அதை அச்சிட்டவர் அறிவாரா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. மூலமாகிய ‘எபிஸ்கோபோஸ்’ என்னும் கிரேக்கச் சொல், ஆதிக் கிறிஸ்தவர் எடுத்தாளுமுன் மேற்பார்வை உத்தியோகஸ்தரைக் குறித்த வெறும் உலகியற் சொல்லே. பிற்காலத்தில் தமிழில் அதற்கு ‘அத்தியட்சர்’ என்ற வடசொல்லும் வழங்கிற்று. இன்று கத்தோலிக்கர் ‘ஆயர்’ என்பதைத் தென்னிந்தியத் திருச்சபையார் ‘பேராயர்’ என்பர், அதுவோ கத்தோலிக்கரிடத்தில் ஒருபடி மேலான பதவி! பழைய தமிழ் வேதாகமம், தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், ‘கண்காணி’ என்றே பெயர்த்தது. வால்பாறைத் தேயிலைக் காடுகளில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்து, கூலியில் அதைப் பிடித்துக்கொண்டவனுக்கும் அதுவே பெயராகிவிட்டபின், அச்சொல்லைப் பீடத்தில் அமர்த்த எவரும் கூசுவர். ஆயினும், பண ஆசையற்றவனையே அப்பணிக்குத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று அந்நிருபமும், ‘டிடாக்கே’ என்னும் ஆதிச் சபை நூலும் ஒருவாய்ப்படக் கூறுவதையும், சொத்து வழக்குகளாலும் வாக்கு வேட்டையாலும் களைத்துள்ள இன்றைய சபைகளையும் ஒருங்கே நோக்குமிடத்து, பெருமை பேசாத அப்பழைய ‘கண்காணி’யே எனக்கு உவப்பாயிருக்கிறது.