விண்வெளிப் போர் நவீனங்களும் வரலாற்றுணர்வும்

போரைப் பொருளாகக் கொண்ட விஞ்ஞான நவீனங்கள் இளைஞர் உள்ளத்தைப் பெரிதுங் கவர்வன. எடுத்த நூலை முடிக்காது வைக்க மனம் ஒருப்படாது. இக்கவர்ச்சி எதனால் விளைகின்றது? அதனுள் மறைந்துள்ள குறைபாடு யாது? வரலாறு பயில்வோர் இவ்விரண்டையும் ஆராய்தல் தகும்.

பிரித்தானியப் படை அதிகாரி ஜோர்ஜ் செஸ்னி, 1871இல், வரக்கூடிய படையெடுப்பொன்றை நடந்து முடிந்ததுபோல் வருணித்து ‘டோர்க்கிங் போர்’ என்னுங் கதையை வெளியிட்டார். 1898இல் நூலுருப்பெற்ற தமது நவீனத்தில் எச். ஜி. வெல்ஸ் செவ்வாய்க் கோளினரைப் பகைவராக்கினார். 1959இல் ரொபர்ட் ஹைன்லைன் எழுதிய நவீனமோ, கவசந் தரித்த வீரர் வானினின்று இறங்கிப் பகைவர் நகரைத் தாக்குங் காட்சியுடனேயே தொடங்குகின்றது. இத்தகைய கதைகளில் ஓரிடர் தீருமுன் மற்றோரிடர் தோன்றும். துணிவும் தோழமையும் கணப்பொழுதிற் சோதிக்கப்படும். புதிய கருவியொன்று வெற்றியை ஈட்டித் தரும். விரைவே இவற்றின் உயிர்நிலை எனலாம்.

குறைபாடும் அவ்விரைவிலேயே உள்ளது. இதனை நம் நகரின் வரலாறே தெளிவுறுத்தும். 1942 ஏப்பிரல் 4ஆந் திகதி, யப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கனடிய விமானி லெனாட் பேர்ச்சால் கண்டு அறிவித்தார். கொழும்பில் றேடார் நிலையமும் இருந்தது. எனினும் மறுநாட் காலை, உயிர்த்த ஞாயிறன்று, பகைவர் வந்தடைந்தபோது இரத்மலானையிற் போர் விமானங்கள் தரையிலேயே நின்றன. கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தில் ‘ஹெக்டர்’, ‘தெனடோஸ்’ என்னும் போர்க்கப்பல்கள் மூழ்கின. தாக்குதல் குறுகிய பொழுதில் முடிந்தது. ஆயின் அதன்பின் அச்சமுற்று ஊரைவிட்டகன்ற மக்களின் துயர் நெடுநாள் நீடித்தது. விரைவை நாடும் நவீனாசிரியன் முன்னதை எழுதிப் பின்னதை விடுப்பான்.

கருவி மட்டும் வெற்றி தராதென்பதை நன்குணர்ந்த எழுத்தாளர் ஒருவர் பிற்காலத்தில் இக்கொழும்பிலேயே வாழ்ந்தார். 1956இல் இலங்கையிற் குடியேறி 2008இல் மறைந்த ஆதர் சி. கிளார்க், இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானிய விமானப்படையின் றேடார்ப் பிரிவிற் பணியாற்றியவர். ‘மேன்மை’ எனப் பொருள்படுந் தலைப்புடன் 1951இல் அவர் எழுதிய சிறுகதை, தோல்வியுற்ற விண்வெளித் தளபதியின் வாக்குமூலமாகும். அவன் தரப்பினர் புதுப்புதுக் கருவிகளை இடையறாது புகுத்துகின்றனர். ஒவ்வொன்றும் எதிர்பாராத இடரைக் கொணர்கின்றது. பழைய கருவிகளைப் பெருந்தொகையாகக் கொண்ட பகைவரே வெல்கின்றனர்.

இனி, வியட்நாம் போரிற் காயமுற்ற ஜோ ஹால்டிமன் 1974இல் வெளியிட்ட நவீனத்தில், விண்வெளிப் போரினின்று மீளும் வீரன் தன் உலகமே மாறிவிட்டதைக் காண்கின்றான். போர் விழுங்குங் காலத்தை அந்நூல் மறைக்கவில்லை. ஆகவே இவ்வகை இலக்கியம் முழுவதையும் பழித்தல் நேர்மையன்று.

1983 முதல் 2009 வரை போரைக் கண்ட நாட்டினர் நாம். வெள்ளவத்தையிலுங் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம் மாணவர் இந்நூல்களை விரும்பிப் படிப்பாராக. படிக்கும்போது, இக்கதையில் இறந்தோருக்காக அழுபவர் யார், காத்திருப்போர் எங்கே என்னும் வினாக்களையும் எழுப்புவாராக. அவற்றுக்கு விடையளிக்கும் நவீனமே வரலாற்றுணர்வுடையது.