கம்பிக்குள் ஒரு காவல்காரன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரிலிருந்து அப்பா போன் செய்தார். "டிவில படம் வரலடா. இங்கிலீஷ்ல என்னமோ எழுதிக் காட்டுது." வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். எச்.டி.சி.பி. பிழை, உங்கள் டிவி இந்த நிகழ்ச்சியைக் காட்ட அனுமதிக்கப்பட்டது இல்லை என்கிற அர்த்தத்தில் இரண்டு வரி. முந்தின நாள் ராத்திரி வரை அதே டிவியில், அதே டிஷ் பாக்ஸில், அதே வயரில் சீரியல் பார்த்திருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னேன். ரெண்டு பிளக்கையும் பிடுங்குங்க. எச்.டி.எம்.ஐ. வயரைக் கழற்றி மறுபடி நல்லா அழுத்திச் சொருகுங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சு டிவியை முதல்ல போடுங்க, அப்புறம் பாக்ஸைப் போடுங்க. படம் வந்துவிட்டது. ஆனால் அப்பா போனை வைக்கவில்லை. "மாசாமாசம் காசு கட்டுறோம். டிவியும் நம்மது. அப்புறம் யாருகிட்ட அனுமதி கேக்குது இது?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதைத் தேடிப் போனால் கதை 1976-ல், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்குகிறது. டிவி நிகழ்ச்சியை வீட்டிலேயே பதிவு செய்து அப்புறம் பார்க்கலாம் என்று சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் என்ற கருவியை விற்றது. யுனிவர்சல், டிஸ்னி ஸ்டுடியோக்கள் வழக்குப் போட்டன. வழக்கு நடந்துகொண்டிருந்த 1982-ல், ஹாலிவுட் தயாரிப்பாளர்கள் சங்கத்தின் தலைவர் ஜாக் வேலண்டி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் போய், தனியாக இருக்கும் பெண்ணுக்கு பாஸ்டன் நகரத்துக் கொலைகாரன் எப்படியோ, சினிமாத் தொழிலுக்கு இந்த வீடியோ கருவி அப்படி என்றார். 1984 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்துகொள்வது குற்றமில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், சில வருஷங்களிலேயே வீடியோ கேசட்டில் வந்த பணம் ஹாலிவுட்டுக்குத் தியேட்டர் வசூலையே மிஞ்சியது.

ஆனாலும் பயம் போகவில்லை. கோர்ட்டில் தோற்றதைக் கருவிக்குள் ஜெயிக்கப் பார்த்தார்கள். கேசட்டுக்கு மேக்ரோவிஷன் வந்தது. டிவிடிக்கு ஒரு ரகசியக் குறியீடு வந்தது. அந்தக் குறியீட்டை உடைக்கும் நிரல் 1999-ல் வெளியானது. அதில் பங்கிருந்த நார்வே நாட்டுப் பையன் யோன் லெக் யோஹான்சன் மீது வழக்கு நடந்து, 2003-ல் விடுதலையானார். அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே 1998-ல் வந்த டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம், பூட்டை உடைப்பதையே குற்றமாக்கிவிட்டது. உள்ளே இருந்ததைத் திருடினாயா இல்லையா என்பது இரண்டாவது கேள்விதான்.

இந்தச் சட்டத்தின் நிழலில்தான், 2000 பிப்ரவரியில், இன்டெல் நிறுவனம் எச்.டி.சி.பி.யை வெளியிட்டது. பெட்டியிலிருந்து திரைக்குப் போகும் வயருக்கான பூட்டு இது.

அது வேலை செய்யும் விதம் அழகானது, அதை மறைக்கவேண்டியதில்லை. உரிமம் வாங்கிய ஒவ்வொரு கருவிக்கும் 40 ரகசியச் சாவிகள். கூடவே பூஜ்யமும் ஒன்றுமாக 40 இலக்கம் கொண்ட ஒரு அடையாள எண். அதில் சரியாக 20 ஒன்றுகள் இருக்கவேண்டும். டிவியும் பாக்ஸும் அடையாள எண்களை மாற்றிக்கொள்ளும். உன் எண்ணில் எந்தெந்த இடத்தில் ஒன்று இருக்கிறதோ, என் சாவிகளில் அந்தந்த இடத்துச் சாவிகளை நான் கூட்டுவேன். நீயும் என் எண்ணை வைத்து அதையே செய்வாய். இருவருக்கும் ஒரே விடை வரும். அந்த விடை வயரில் போவதே இல்லை. அதை வைத்துத்தான் படம் பூட்டப்படுகிறது. அப்புறமும் நம்பிக்கை கிடையாது. சுமார் இரண்டு விநாடிக்கு ஒரு தடவை, 'நீ இன்னும் அதே ஆள்தானே?' என்று பாக்ஸ் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்தப் பேச்சுவார்த்தை படம் போகும் பாதையில் நடப்பதில்லை. அதே வயருக்குள் இருக்கும் மெதுவான இன்னொரு கம்பியில் நடக்கிறது. அதனால்தான் படத்தைக் கொண்டுபோகும் கம்பிகளில் ஒரு குறையும் இல்லாமலே பிழை வரலாம். பின் கொஞ்சம் தளர்ந்திருந்தால் போதும். வயர் அதிக நீளமாக இருந்தால் போதும். பாக்ஸ் கேட்கும் நேரத்தில் டிவி இன்னும் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் போதும். சரியான பதில் வராவிட்டால் எதிரே இருப்பவன் திருடன் என்று பாக்ஸ் முடிவு செய்துவிடும். பிளக்கைப் பிடுங்கினால் இரண்டும் பழைய பேச்சை மறந்து முதலிலிருந்து ஆரம்பிக்கும். டிவியை முதலில் போடுவது, பாக்ஸ் கேட்கும்போது அது விழித்திருக்கட்டும் என்பதற்காக. அப்பாவுக்கு நான் சொன்ன வைத்தியம் அவ்வளவுதான்.

இதில் முதலில் அடிபட்டவர்கள் ஹாலிவுட்டை நம்பிச் செலவு செய்தவர்கள். அமெரிக்காவில் 1998-லிருந்தே ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து எச்.டி. டிவி வாங்கியவர்கள் இருந்தார்கள். அந்த டிவிகளில் மூன்று வண்ண அனலாக் வயர்தான் சொருக முடியும். எச்.டி.எம்.ஐ. வரையறை வந்ததே 2002 டிசம்பரில். பூட்டு வந்தபோது, அதைத் திறக்கும் சாவி அந்த டிவிகளிடம் இல்லை. ஐரோப்பாவில் 2005-ல் 'எச்.டி. ரெடி' என்று ஒரு முத்திரை கொண்டுவந்தார்கள். அதை டிவியில் ஒட்டவேண்டும் என்றால் படம் துல்லியமாக இருந்தால் மட்டும் போதாது, எச்.டி.சி.பி.யும் இருக்கவேண்டும்.

பூட்டு எவ்வளவு பலம்? 2001-லேயே தெரிந்துவிட்டது. ஸ்காட் கிராஸ்பியும் இன்னும் சில ஆய்வாளர்களும் ஒரு கட்டுரையில் காட்டினார்கள்: சுமார் 40 கருவிகளின் சாவிகள் கிடைத்தால் மொத்த அமைப்பின் தாய்ச்சாவியையே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். நாம் பள்ளியில் போட்ட ஒருங்கமை சமன்பாடுகளின் பெரிய வடிவம்தான் அது. அதே வருஷம் ஆகஸ்டில் நெதர்லாந்துக் குறியீட்டியல் வல்லுநர் நீல்ஸ் ஃபெர்குசன் தானும் அதை உடைத்துவிட்டதாகச் சொன்னார். எப்படி என்று மட்டும் வெளியிடவில்லை. முந்தின மாதம்தான் திமித்ரி ஸ்க்ல்யாரோவ் என்ற ரஷ்ய நிரலாளரை லாஸ் வேகாஸில் கைது செய்திருந்தார்கள், மின்நூல் பூட்டைத் திறக்கும் மென்பொருள் எழுதியதற்காக. வேலைக்காக அமெரிக்கா போய்வருகிற ஃபெர்குசன், கட்டுரை எழுதினால் தனக்கும் அதுதான் நடக்கும் என்று பயந்தார். கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது என்று ஒரு கணக்குக்காரர் வெளியே சொல்ல முடியவில்லை. இந்த வரலாற்றில் என்னை மிகவும் தொந்தரவு செய்கிற இடம் இதுதான்.

2010 செப்டம்பரில் யாரோ ஒருவர் பெயர் சொல்லாமல் தாய்ச்சாவியை இணையத்தில் போட்டுவிட்டார். 40 வரிசை, 40 நெடுவரிசை. சில நாளில் இன்டெல் அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. அதை வைத்துக் கருவி செய்பவர்கள் மேல் சட்டம் பாயும் என்றும் எச்சரித்தது.

கதை அங்கே முடிந்திருக்கவேண்டும் இல்லையா? முடியவில்லை. சாவி ஊரறிய வெளியான பிறகும் எல்லா டிவியிலும் எல்லா பாக்ஸிலும் பூட்டு அப்படியே இருந்தது. 2013-ல் 4கே படங்களுக்காகப் புதிய 2.2 பதிப்பு வந்தது. அதற்கு முன் 4கே டிவி வாங்கியவர்களில் பலருக்கு 1998-ன் கதையே திரும்ப நடந்தது. திருடுகிறவனுக்கோ இந்த வயர் தேவையே இல்லை. புளூரே வட்டின் பூட்டு 2007-லேயே உடைந்திருந்தது. அவன் வட்டிலிருந்தே கோப்பை எடுத்துக்கொண்டான். கறுப்புத் திரையும் இரண்டு வரி ஆங்கிலமும் அவனுக்கு வராது. காசு கட்டிய வீட்டுக்குத்தான் வரும்.

அப்படியானால் பூட்டு எதற்கு? அதன் பலம் கணக்கில் இல்லை, உரிமத்திலும் சட்டத்திலும் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. இந்தப் பூட்டு இல்லாமல் ஒரு கம்பெனி டிவி செய்யலாம். ஆனால் ஸ்டுடியோக்கள் கேட்கும் பாக்ஸ் எதுவும் அந்த டிவியோடு பேசாது. எந்தக் கருவி எதோடு பேசலாம் என்பதை முடிவு செய்யும் இடம் நம் வீட்டுக் கூடத்தில் இல்லை.

அடுத்த தடவை ஊருக்குப் போனபோது இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப நம்மள நம்பல," என்றார். ஆமாம் என்றேன். பிறகு எழுந்துபோய் டிவியைப் போட்டு, அது முழுசாக வெளிச்சமாகும் வரை நின்றுவிட்டு, பாக்ஸைப் போட்டார். இப்போதெல்லாம் தினமும் அப்படித்தான் போடுகிறாராம். அம்மா அவசரப்பட்டு முதலில் பாக்ஸைத் தொட்டால், "இரு இரு, அது கேள்வி கேக்கும்," என்கிறாராம்.