தோற்றம் 2022, மறைவு 2025

அமெரிக்காவின் சூழல் நீதி மானியம் காலமானது. தோற்றம்: 2022 ஆகஸ்ட் 16. அன்றுதான் அதிபர் ஜோ பைடன் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மறைவு: 2025 ஜூலை 4. அன்று அதிபர் டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்ட இன்னொரு சட்டம், மானியத்துக்கு உயிர் தந்த பிரிவையே நீக்கியது. யாருக்கும் ஒதுக்கப்படாமல் மிச்சமிருந்த தொகையையும் திரும்ப எடுத்துக்கொண்டது. மூன்று வயதுகூட நிறையவில்லை.

மறைந்த மானியத்தின் மொத்த மதிப்பு 300 கோடி டாலர். அமெரிக்க பட்ஜெட்டில் இது கண்ணுக்கே தெரியாத தொகை. ஆனால் ஏழைகளும் கறுப்பின மக்களும் பழங்குடிகளும் வாழும் இடங்களில் சேர்ந்த அழுக்கைத் துடைக்கவென்று அந்த நாட்டு அரசு அதற்குமுன் இவ்வளவு எடுத்து வைத்ததில்லை.

பூர்வீகம் வட கரோலினாவின் வாரன் கவுண்டி. சாலையோரங்களில் யாரோ திருட்டுத்தனமாக ஊற்றிவிட்டுப் போன பிசிபி நச்சு எண்ணெய் கலந்த மண்ணை எங்கே புதைப்பது என்ற கேள்வி வந்தபோது, கறுப்பின மக்கள் அதிகம் வாழும் இந்த ஏழைக் கவுண்டியை மாநில அரசு தேர்ந்தெடுத்தது. 1982இல் மக்கள் லாரிகளின் முன் சாலையில் படுத்தார்கள். 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மண் புதைக்கப்பட்டது; போராட்டம் புதையவில்லை. நச்சுக் கழிவு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத் தீர்மானிப்பதில் வருமானத்தைவிட இனமே முந்தி நிற்கிறது என்று 1987இல் ஒரு தேவாலய அமைப்பின் ஆய்வு காட்டியது. 1994இல் அதிபர் பில் கிளின்டன் சூழல் நீதிக்கென்று ஓர் ஆணை பிறப்பித்தார். ஆணை இருந்தது, காசு இல்லை. பிறகு வந்த சிறு மானியங்கள் பெரும்பாலும் சில பத்தாயிரம் டாலரோடு நின்றன. அதை வைத்து ஒரு கூட்டம் போடலாம், கையேடு அச்சடிக்கலாம். ஒரு சாக்கடையைக்கூடச் சரிசெய்ய முடியாது.

2022இல் பிறந்தது அந்தக் குறையைத் தீர்க்கத்தான். பாதிக்கப்பட்ட ஊரின் சமூக அமைப்பு, தனியாகவோ பழங்குடி நிர்வாகம், உள்ளாட்சி, பல்கலைக்கழகம் என்று யாருடனாவது கூட்டுச் சேர்ந்தோ விண்ணப்பிக்க முடிந்தது. என்ன வேண்டும் என்பதை ஊரே எழுதியது. பெரிய மானியங்கள் ஒரு கோடி முதல் இரண்டு கோடி டாலர் வரை; மூன்று ஆண்டுகளுக்குள் வேலையை முடிக்க வேண்டியிருந்தது.

அப்படி எழுதிக் கேட்ட ஊர்களில் ஒன்று கிப்னுக். மேற்கு அலாஸ்காவில், பெரிங் கடலை ஒட்டிய சதுப்பில், யூபிக் பழங்குடியினர் எழுநூறு பேர் வாழ்ந்த கிராமம். வெளியூருக்குச் சாலை கிடையாது. விமானம் அல்லது படகுதான். கால்கள் மேல் நிற்கும் வீடுகள், அவற்றுக்கிடையே பலகைப் பாதைகள். அடியில் உறைந்து கிடந்த மண் வெப்பத்தில் இளகுவதால், ஆறு ஒவ்வோர் ஆண்டும் கரையைத் தின்றுகொண்டே வீடுகளை நெருங்கியது. கரையைப் பலப்படுத்த ஏறத்தாழ இரண்டு கோடி டாலர் கிடைத்தது. 2025 மே மாதம் அது ரத்தானது. அக்டோபரில் ஹாலோங் புயலின் மிச்சம் வந்து மோதியது. வீடுகள் அஸ்திவாரத்தை விட்டு மிதந்து போயின. மக்களை விமானங்களில் ஏற்றி வெளியேற்றினார்கள்.

நியாயமாகப் பேசினால், மானியம் நீடித்திருந்தாலும் அந்த அக்டோபருக்குள் கரை வேலை முடிந்திருக்காது. அது அரிப்பைத் தடுக்கும் திட்டம். கடல் பொங்கி ஊருக்குள் வருவதை நிறுத்தும் அரண் அல்ல. கிப்னுக்கின் சோகத்தை ஒரே ரத்துக் கடிதத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் அந்த ஊருக்கு ஆபத்து இருக்கிறது என்று முத்திரை போட்டு ஒப்புக்கொண்ட அரசு, ஆபத்து அப்படியே இருக்கும்போது ஒப்புதலை மட்டும் திரும்பப் பெற்றது. ஜார்ஜியாவின் தாமஸ்வில் நகருக்கும் அதே கதிதான். பழைய கழிவுநீர்க் குழாய்களை மாற்றவும் சுகாதார மையம் கட்டவும் கிடைத்த கிட்டத்தட்ட இரண்டு கோடி டாலர், அதே மே மாதம் போனது.

சாவு படிப்படியாக வந்தது. 2025 ஜனவரி 20 அன்றே புதிய அரசு சூழல் நீதி அலுவலகங்களை மூடச் சொன்னது. மறுநாள் கிளின்டனின் முப்பதாண்டுப் பழைய ஆணை ரத்தானது. பிப்ரவரியில், எந்தப் பகுதியில் எவ்வளவு மாசு என்று காட்டிய அரசின் இணைய வரைபடம் காணாமல் போனது. மார்ச்சில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் லீ செல்டின் அலுவலகங்களை இழுத்து மூடுவதாக அறிவித்தார். பிறகு ஊர் ஊராகக் கடிதங்கள் போயின: உங்கள் திட்டம் முகமையின் முன்னுரிமைகளுக்கு இனி ஒத்துவரவில்லை. சாமி வரம் கொடுத்தும் பூசாரி இடம் கொடுக்காத கதை. ஜூலையில் சாமியே மனம் மாறி வரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

கொன்றது யார் என்பதில் மர்மம் இல்லை. ஆனால் தாமதமும் இதற்கு உடந்தை என்பதை மானியத்தின் நண்பர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டம் வந்தது 2022 ஆகஸ்டில். பெரிய மானியங்களுக்கு விண்ணப்பம் கேட்டது 2023 நவம்பரில். தேர்வானவற்றில் பெரும்பாலானவை அறிவிக்கப்பட்டது 2024 டிசம்பரில், அதாவது பைடனின் கட்சி தேர்தலில் தோற்ற பிறகு. நடுவில் பதிவு எண், கூட்டு ஒப்பந்தம், பட்ஜெட் விளக்கம், அதற்கு மேல் ஒரு திருத்தம். விண்ணப்பம் எழுதவே ஆள் இல்லாத ஊர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தனி உதவி மையங்கள் வேறு. வீண்செலவு என்று யாரும் விரல் நீட்டிவிடக் கூடாதே என்ற பயம்தான் இத்தனைக்கும் காரணம். கடைசியில், பெரும்பகுதி செலவே ஆகாத பணத்தின் மீது வீண்செலவு என்ற பழி விழுந்தது.

மானியம் பெற்ற சுமார் 350 அமைப்புகளின் சார்பில் 2025 ஜூனில் வழக்குத் தொடுத்தார்கள். ஆகஸ்டில் தலைநகர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீடு செய்தார்கள். மறைந்த வரைபடத்தைத் தன்னார்வலர்கள் படியெடுத்து மீண்டும் இணையத்தில் ஏற்றினார்கள். மானியம் விட்டுச்சென்ற சொந்தங்கள் இவர்கள்தான்.

இனியொரு மானியம் பிறந்தால், தொகையைப் பார்த்து யாரும் மயங்க வேண்டியதில்லை. முதல் ஆண்டிலேயே எத்தனை ஊர்களில் பள்ளம் தோண்டினார்கள், எத்தனை அடி குழாய் இறங்கியது என்று கேட்க வேண்டும். கையெழுத்தை இன்னொரு கையெழுத்து அழித்துவிடும். மண்ணுக்குள் இறங்கிய குழாயை எந்தக் கடிதமும் பிடுங்கி எடுக்க முடியாது.