தோட்டத்தில் ஓடியவர்கள்

மலேசியாவில் பொழுதுபோக்காக நெடுந்தூரம் ஓடும் வழக்கத்துக்கு வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1938 டிசம்பரில் தொடங்குவார்கள். கோலாலம்பூரில் கணக்காளராக இருந்த கிஸ்பர்ட் என்ற ஆங்கிலேயர் அந்த மாதம் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ‘ஹாஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்’ என்ற ஓட்டக் குழுவை ஆரம்பித்தார். ஒருவர் முன்னே போய்க் காகிதத் துண்டுகளை வழிநெடுகப் போட்டுவிட்டு மறைவார். மற்றவர்கள் அந்தத் தடம் பிடித்து ஓடுவார்கள். இங்கிலாந்துப் பள்ளிகளில் பழகிய விளையாட்டுதான். திங்கட்கிழமை மாலை, அலுவலகம் முடிந்தபின், நகரை ஒட்டிய ரப்பர்த் தோட்டங்களுக்குள் ஓட்டம் நடக்கும். இன்று அந்தக் குழுவின் பெயரைத் தாங்கிய கிளைகள் உலகெங்கும் இருக்கின்றன. சிலாங்கூர் மண் உலகுக்குக் கொடுத்த வழக்கம் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே ரப்பர்க் காடுகளில் தினமும் இருட்டோடு எழுந்து நடந்தவர்கள் தமிழர்கள். அவர்கள் ஏன் ஓடவில்லை? ‘நம் ஆட்களுக்கு அதில் நாட்டமில்லை’ என்ற பதில் இன்றும் சுலபமாக வருகிறது. கோலசிலாங்கூர் முதல் உலு சிலாங்கூர் வரையிலான வட சிலாங்கூர்த் தோட்டங்களின் கதையைப் பார்த்தால் அந்தப் பதில் நிற்காது. காசுக்காக அல்லாமல் விருப்பத்துக்காக ஒருவர் ஓட வேண்டுமென்றால் அவருடைய பொழுதும் உடம்பும் அவர் கையில் இருக்க வேண்டும். இந்தத் தோட்டங்களில் அந்த இரண்டும் நெடுங்காலம் தொழிலாளி கையில் இருந்ததில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய சதுப்பும் காடும் வேகமாகத் தோட்டமாயின. பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோகோனியே ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் வைத்தார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைச் சாகுபடியைத் தொடங்கியதும் அவர்தான். பின்னாளில் மலாயாவை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. காட்டை அழித்து, வடிகால் வெட்டி, கன்று நட்ட கைகள் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்திலும் கங்காணி வழியிலும் வந்தவை. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அந்த முறையில் தோட்டத்தை விட்டுச் சொல்லாமல் போவது வெறும் ஒழுங்கீனமாகக் கருதப்படவில்லை. சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றமாகவே இருந்தது. ஓடிப்போனவர்களைத் தேடிப் பிடிக்க வாரண்டு உண்டு. இந்த மண்ணில் தமிழனின் ஓட்டம் எழுத்தில் ஏறியது அரசாங்கத்தின் ஆண்டறிக்கைகளில், ‘ஓடிப்போன கூலிகள்’ என்ற கணக்காகத்தான். காலை எடுத்து வைத்தாலே குற்றம் என்றிருந்த இடத்தில் ஓட்டம் விளையாட்டாக வளரும் என்று எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

உடம்பின் நிலையையும் பார்க்க வேண்டும். கிள்ளானில் மாவட்ட அறுவை மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் 1901 முதல் அந்தக் கடலோர வட்டாரத்தின் மலேரியாவை ஆராய்ந்தார். ஒரு தோட்டத்தில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அறிய, லயத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து மண்ணீரல் வீங்கியவர்களை எண்ணுவது அவருடைய முக்கியமான வழிகளில் ஒன்று. வடிகால் வெட்டித் தேங்கிய நீரை அகற்றிய இடங்களில் நோய் குறைந்ததை அவர் நிறுவினார்; மருத்துவ வரலாற்றில் அது பெரிய சாதனை. எனினும் அந்தக் கணக்குகளே இன்னொன்றையும் சொல்கின்றன: ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வீங்கிய மண்ணீரலோடு வளர்ந்தார்கள். காய்ச்சலோடு, வெறுங்காலால் ஏறும் கொக்கிப் புழுவும் சேர்ந்து இரத்தத்தைக் குறைத்தது. சோகை பிடித்த உடம்பு நெடுந்தூரம் ஓடாது. இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் ஏற்றிச் செல்லும் உயிர்வளியை நம்பித்தான் மாரத்தான் ஓட்டமே இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும். பால் வெட்டு வேலையே பயிற்சிதானே? விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, பேர் கூப்பிட்டதும் நிரைக்குப் போய், ஒருவர் நானூறு மரம்வரை சீவி, மறுபடி அதே நிரையைச் சுற்றிவந்து மங்குகளில் நிறைந்த பாலை எடுத்து, வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். நாளுக்குப் பல மைல் நடை. வெயில் ஏறினால் பால் சுரப்பு குறையும் என்பதால் எல்லாமே விரைவாக நடந்தாக வேண்டும். அப்படிப்பட்ட கால்கள் ஓடப் பிறந்தவை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் பயிற்சி என்பது உழைப்பு மட்டும் அன்று. மாரத்தானுக்குத் தயாராகும் எவரும் நான்கைந்து மாதம் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். வாரம் ஒருநாள் நீண்ட ஓட்டம் ஓடி, மறுநாள் ஓய்வெடுப்பார்கள். செலவான சத்தை உணவால் ஈடுகட்டுவார்கள். தசை வலுப்பெறுவது ஓய்வில்தான். ஓய்வும் சோறும் இல்லாத உழைப்பு உடம்பைத் தேய்க்கும். பீகாரின் சிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடிய மாரத்தான் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தியச் சாதனையாக நின்றது. ஏழைக் குடும்பம், வெறுங்கால் ஓட்டம் என்று அவர் கதையைச் சொல்கிறவர்கள், அவரை ஓட்டக்காரராக ஆக்கியது இந்திய இராணுவம் என்பதைப் பல நேரம் விட்டுவிடுகிறார்கள். வறுமை தாங்கும் சக்தியைக் கொடுத்திருக்கலாம். வேளாவேளைக்குச் சாப்பாடும் பயிற்சிக்கு நேரமும் கொடுத்தது இராணுவம். தோட்டத் தமிழனுக்கு அப்படி ஒரு இராணுவம் இல்லை. தோட்டத்துப் பெண்ணுக்கோ பால் நிறுத்த பிறகு தண்ணீர், விறகு, அடுப்பு, பிள்ளைகள் என்று அடுத்த வேலை தொடங்கும்.

விளையாட்டு விதிகளும் நடுநிலையானவை அல்ல. 1866இல் லண்டனில் அமைந்த அமெச்சூர் தடகள மன்றம், கைவினைஞரையும் கூலித் தொழிலாளியையும் அமெச்சூர் ஓட்டக்காரராக ஏற்கவே மறுத்தது. 1880இல் உருவான புதிய சங்கம் அந்த விலக்கை நீக்கியது. எழுத்தில் இருந்த தடை போனாலும் அதற்குப் பின்னிருந்த எண்ணம் கப்பலேறி மலாயா வந்தது. விளையாட்டு துரைமாருக்கு, உழைப்பு கூலிக்கு என்ற பிரிவினை ஒவ்வொரு தோட்டத்திலும் தெரியும். துரை பங்களாவின் டென்னிஸ் திடலை வெட்டிச் சீர்செய்கிறவர் அதில் ஆடமாட்டார். கிஸ்பர்ட் குழு தொடங்கிய அதே 1938இன் ஜூனில், கூலிக் குறைப்பைக் காரணம் காட்டி இந்திய அரசு மலாயாவுக்கு உதவியுடன் ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. மூன்றாண்டுகள் கழித்து, கோலசிலாங்கூருக்குத் தெற்கே அடுத்த மாவட்டமான கிள்ளானில், ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்த, தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். கூலி உயர்வும் கள்ளுக்கடை மூடலும் பெண்களுக்குப் பாதுகாப்பும் அதில் இருக்கின்றன. பத்து, பன்னிரண்டு மணி நேர வேலைநாளை ஒழிக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. துரையையோ, தோட்ட எழுத்தரான கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும் என்பதும் இருக்கிறது. என் வாதத்துக்கு இந்தக் கடைசி இரண்டைவிட வலுவான சான்று தேவையில்லை. பொது வழியில் தன் வேகத்தில் போவதற்கே போராட வேண்டியிருந்தவர்கள் அவர்கள். அரசு தந்த பதில், 1941 மே 16இல் சிலாங்கூரில் நெருக்கடிநிலை, துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

பிறகு வந்த பத்தாண்டுகள் இன்னும் கொடியவை. ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் இரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். காட்டு வழியே முகாம் முகாமாக நடத்தப்பட்டனர். பலரைக் காலராவும் பசியும் தின்றன. திரும்பி வந்தவர்களுக்கு 1948இல் அவசரகாலம் காத்திருந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி, இரவு ஊரடங்கு, உணவுக்கு அளவு. அந்த ஆண்டு டிசம்பரில் வட சிலாங்கூரின் பத்தாங் காலியில், ரப்பர்த் தோட்டத்தில் இருந்த ஆயுதமற்ற 24 சீனர்களைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக்கொன்றனர். தப்பி ஓட முயன்றபோது சுடப்பட்டார்கள் என்பதே அரசாங்கம் சொன்ன காரணம். அந்தக் காரணத்தின் பொய்யைப் பற்றிப் பின்னாளில் நிறைய எழுதப்பட்டுவிட்டது. ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும்: தோட்டத்து ஓரத்தில் ஒருவர் ஓடினால் அவரைச் சுடலாம் என்ற நினைப்பு ஆட்சியில் இருந்த காலம் அது. அந்தச் சூழலில் உடற்பயிற்சிக்காக ஓட யாருக்குத் துணிவு வரும்?

நிலைமை மாறிய காலமும் உண்டு. அதையும் சொன்னால்தான் வாதம் முழுமையாகும். 1954இல் பி.பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, வேலைநேரமும் கூலியும் பேச்சுவார்த்தையால் முடிவாகத் தொடங்கின. மலேரியா ஒடுங்கியது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டு விளையாட்டுப் போட்டி நிலைத்தது. மாலையில் தோட்டத் திடலில் பந்து உதைபடும். தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் தோட்டங்களுக்கிடையே ஆட்டங்கள் நடக்கும். இதற்கு முன்பும் பால் வெட்டுகிறவருக்குப் பிற்பகல் ஓய்வு இருந்ததே, அப்போது ஏன் இவ்வளவு விளையாட்டு இல்லை என்று கேட்கலாம். கடிகாரத்தில் காலியாகும் நேரம் தானே ஓய்வாகிவிடாது. வயிறு நிறைந்து, காய்ச்சல் இல்லாமல், கூப்பிட்டால் ஓடிவர வேண்டுமே என்ற பயமில்லாமல் இருக்கும் பிற்பகல்தான் ஓய்வு. அது கிடைத்தவுடன் திடல்கள் நிரம்பின. நாட்டமில்லை என்ற பேச்சை அந்தத் திடல்களே பொய்யாக்கின. நாடளவில் பார்த்தாலும் தமிழரின் கால்கள் பின்தங்கவில்லை. மருத்துவ மாணவராக இருந்துகொண்டே ஓடிய எம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் கடந்தது 2017வரை தேசியச் சாதனை. தொண்ணூறுகளில் எம். ராமச்சந்திரன் 5,000, 10,000 மீட்டர்களில் வைத்த சாதனைகள் பல்லாண்டுகள் நின்றன. 1998 காமன்வெல்த் போட்டியின் 50 கிலோமீட்டர் நடையில் ஜி. சரவணன் தங்கம் வென்றார். இவர்களை வட சிலாங்கூர்க்காரர்கள் என்று உரிமை கொண்டாடத் தேவையில்லை. படிப்போ வேலையோ கழகமோ ஏதோ ஒன்று பயிற்சிக்கு இடம் கொடுத்தபோது என்ன நடந்தது என்பதற்கு இவர்கள் சாட்சி.

அந்த நல்ல காலம் நீடிக்கவில்லை. ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை நிலம் வீடமைப்புத் திட்டங்களாயிற்று. 1980 முதல் இருபதாண்டுகளில் நாடு முழுவதும் ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்தியத் தொழிலாளர்கள் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தின் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காகவே பல்லாண்டுகள் போராடினார்கள். வீடு கேட்டவர்கள் திடல் கேட்க முடியவில்லை. அடுக்குமாடிக்குப் போன பிள்ளைகளுக்கு வாசலில் திடல் இல்லை. வாகன நிறுத்துமிடம்தான் இருந்தது.

இன்று கோலாலம்பூர் மாரத்தான் விடியுமுன் டத்தாரான் மெர்டேக்காவில், பழைய சிலாங்கூர் கிளப்பின் எதிரே தொடங்குகிறது. யாரும் பதியலாம், தடை எதுவும் எழுத்தில் இல்லை. அதனால் பழைய கதை முடிந்துவிட்டது, ஓடாதவர் சோம்பேறி என்று சிலர் சொல்வார்கள். பதிவுக் கட்டணமே நூறு ரிங்கிட்டைத் தாண்டும். 42 கிலோமீட்டர் தாங்கும் காலணி அதைவிடப் பல மடங்கு. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டில் குடும்பம் நடத்துகிறவருக்கு இது சிறு தொகையில்லை. எனினும் பணத்தைவிடப் பெரிய தடை நேரம்தான். 2023இல் சட்டம் வார வேலைநேரத்தை 48இலிருந்து 45 மணியாகக் குறைத்தது. காவலாளி வேலையில் பன்னிரண்டு மணி ஷிப்ட் அதற்குப் பின்னும் வழக்கமாக இருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்தவர்களில் பலர் சேர்ந்தது காவல், லாரி, தொழிற்சாலை வேலைகளில். நாதனின் ஆட்கள் 1941இல் ஒழிக்கச் சொன்ன அதே வேலைநாள், வேறு சீருடையில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்குப் பயிற்சிக்கு எழ வேண்டியவர் அப்போதுதான் ஷிப்ட் முடியக் காத்திருக்கிறார்.

வட சிலாங்கூரில் இன்னும் சில தோட்டங்கள் மிச்சமிருக்கின்றன. அவற்றின் திடல்களில் சில புல் மண்டிக் கிடந்தாலும் இன்னும் திடல்தான். தோட்டம் கைமாறும் செய்தி வரும்போது நாம் கோயிலுக்கு இடம் கேட்கிறோம், பள்ளிக்கு இடம் கேட்கிறோம். இரண்டும் சரியான கோரிக்கைகள். அடுத்த முறை மனு எழுதுகிறவர்கள் மூன்றாவதாகத் திடலையும் எழுதுங்கள். ஏக்கர் கணக்கைக் குறிப்பிட்டு, பள்ளி நிலத்தோடு சேர்த்துப் பட்டா வாங்குங்கள்.