தில்லை விதானமும் கடலூர்ச் சாயமும்

பசும்புல் என்கிறோம்; பசும்பொன் என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே நிறமன்று. பசும்பொன்னில் நாம் சுட்டுவது நிறத்தின் பெயரையன்று, மாசற்ற பொலிவை. பெயர், நிறத்தின் குணங்களுள் ஒன்று மட்டுமே. அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்ட நூலில் அக்குணங்களை மூன்றாக வகுத்தார்: சிவப்பா நீலமா என்னும் நிறவகை, வெளிறியதா இருண்டதா என்னும் ஒளியளவு, தூயதா மங்கியதா என்னும் செறிவு.

இம்மூன்றையும் தனித்தனியே ஆளும் தொழிலறிவு சோழமண்டலக் கரையில் அதற்கு நெடுங்காலம் முன்பே இருந்தது. 1690இல் ஆங்கிலேயர் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியதும் இக்கரையின் துணி வணிகத்தை நாடியே. ஒரே சாயவேர், படிகாரம் தொட்ட இடத்தில் சிவந்தது. இரும்புக் கரைசல் தொட்ட இடத்தில் ஊதா கலந்து கறுத்தது. அவுரிச் சாயத்தில் துணியை எத்தனை முறை தோய்த்தார்கள் என்பது நீலத்தின் ஒளியளவை முடிவுசெய்தது. பின்னர்ச் சாணநீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, மீண்டும் மீண்டும் நனைத்தனர். சாயம் பற்றாத இடம் வெளுக்க, சிவப்பு தூயதாய் எழுந்து நின்றது. சாயவேரின் செம்பொருளான அலிசரினை 1868இல் ஜெர்மானிய வேதியியலார் செயற்கையாக ஆக்கினர். செயற்கை நீலம் 1897இல் சந்தைக்கு வந்தது. அத்தொழில் நலிந்தது.

அந்தக் கண்ணின் தேர்ச்சியைச் சிதம்பரத்தில் இன்றும் காணலாம். சிவகாமசுந்தரி சன்னிதி மண்டப விதானத்தில், 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்த நாயக்கர்கால ஓவியங்கள் பட்டை பட்டையாக விரிகின்றன. பிட்சாடனரும் மோகினியும் தாருகாவனம் புகுந்த கதையும், மாணிக்கவாசகர் வரலாறும் அங்குண்டு. அஜந்தாவைப் போல நிழலிட்டு உருவைத் திரட்டிக் காட்டும் முறை இங்கே மிகுதியில்லை. தட்டையான நிறமும் அழுத்தமான கோடுமே உருவங்களைப் பிரிக்கின்றன. ஆடைகளின் பூவேலையோ, இக்கரையின் சாயத்துணிகளை நினைவூட்டுகிறது. மங்கிய காவித்தளம் அடங்கியிருப்பதால்தான் வெண்மையும் மஞ்சளும் நம்மை நோக்கி முன்வருகின்றன.

குடமுழுக்கை ஒட்டிப் பழைய ஓவியத்தின்மேல் எனாமல் பூசிய கோயில்கள் நம் நாட்டில் பல. சிவப்புக்குச் சிவப்புதானே பூசினோம் என்பார்கள். பெயர் ஒன்றுதான், ஒளியளவும் செறிவும் வேறு. தளம் கூச்சலிட்டால் உருவம் ஊமையாகிவிடும். மூன்று குணங்களுள் ஒன்றை மட்டும் காப்பாற்றுவது ஓவியத்தைக் காப்பதாகாது. அடுத்தமுறை தில்லைக்குச் செல்லுங்கால், கூத்தனைத் தொழுதபின் அந்த விதானத்தையும் சற்றே அண்ணாந்து நோக்குவோம்.