பதிவுத் தபாலும் வெள்ளைக் கையுறையும்

ஒரு அரசு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அரசைப் பார்த்து "அப்படி ஒன்று இல்லவே இல்லை" என்று சொல்கிறது. அந்தப் பக்கமும் இதையேதான் சொல்கிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஆக்கள் இருக்கினம். கடிதம் போடுகிறார்கள், கலியாணம் கட்டுகிறார்கள், வீடு வளவை விட்டுவிட்டுச் செத்துப்போகிறார்கள். இதையெல்லாம் எந்தக் கந்தோர் பார்ப்பது?

தாய்வானில் இதற்கென்றே ஒரு கந்தோர் இருக்கிறது. பெயர் பெருநில விவகாரப் பேரவை. (எங்களுக்குப் பெருநிலம் எண்டா வன்னி. அவர்களுக்குச் சீனா.) வெளிநாட்டு அமைச்சு ஒன்று இருக்கும்போதே சீனாவைப் பார்க்கத் தனியாக ஒரு பேரவை ஏன் என்று கேட்டால், பதில் அந்தப் பெயரிலேயே கிடக்கிறது. தாய்வானின் அரசியலமைப்புப்படி சீனா வெளிநாடு இல்லை. 1992இல் வந்த சட்டம்கூட "தாய்வான் பகுதி மக்கள்", "பெருநிலப் பகுதி மக்கள்" என்றுதான் எழுதுகிறது. சீனாவை இன்னொரு நாடு என்று சொல்லாமலே ஒரு முழுச் சட்டத்தையும் எழுதி முடித்திருக்கிறார்கள்.

கொஞ்சம் பின்னுக்குப் போவோம். 1949இல் உள்நாட்டுப் போரில் தோற்ற கோமின்டாங் அரசு தாய்வானுக்கு ஓடிவந்தது. கூடவே பல இலட்சம் பேர் வந்தார்கள். அவர்களில் நிறையப்பேர் இளம் சிப்பாய்கள். அம்மா, மனைவி, பிள்ளை எல்லாம் அங்கே. சில மாதத்தில திரும்பிப் போகலாம் என்று நினைத்தவர்களுக்கு 38 வருடம் போனது. இராணுவச் சட்டம் 1987 ஜூலையில் நீங்கி, நவம்பரில்தான் உறவினரைப் பார்க்கப் போகலாம் என்று அனுமதி வந்தது. விண்ணப்பத்தை வாங்கியது அரசு இல்லை, செஞ்சிலுவைச் சங்கம். ஏனென்றால் அரசின் கொள்கை "மூன்று இல்லை": தொடர்பு இல்லை, பேச்சுவார்த்தை இல்லை, விட்டுக்கொடுப்பு இல்லை.

கொள்கை அப்படி. நடப்பு வேறு. 1986 மே மாதம் தாய்வானின் சரக்கு விமானம் ஒன்றை அதன் விமானியே சீனாவின் குவாங்சோவுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். விமானமும் மற்ற இரண்டு ஊழியர்களும் திரும்பி வரவேண்டும், ஆனால் அரசு பேசக்கூடாது. கடைசியில் இரண்டு விமான நிறுவனங்கள் ஹொங்கொங்கில் சந்தித்துப் பேசி முடித்தன. கம்பனியும் கம்பனியும் பேசினால் அது அரசுகள் பேசியதாகாது என்ற கணக்கு!

1990இல் நடந்ததை இப்படிச் சிரித்துக்கொண்டு சொல்ல ஏலாது. அனுமதியில்லாமல் வந்த சீனர்களைத் தாய்வான் படையினர் மீன்பிடிப் படகில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அந்த ஜூலையில் ஒரு படகின் அடித்தளத்தில் ஆட்களை அடைத்து மேலே பலகை வைத்து மூடியிருந்தார்கள். 25 பேர் மூச்சுத்திணறிச் செத்தார்கள். செப்டம்பரில் கின்மென் தீவில் இரண்டு பக்கத்துச் செஞ்சிலுவைச் சங்கங்களும் சந்தித்து, ஆட்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்று எழுத்தில் உடன்பட்டன. பேசாமல் இருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுத்தவர்கள் அந்தக் கொள்கையை வகுத்தவர்கள் இல்லை.

1991 ஜனவரியில் பேரவை சட்டபூர்வமாக உருவானது. ஆனால் பேரவை நேரடியாகச் சீனாவோடு பேசினால் அரசு பேசியதாகிவிடும். ஆகவே நீரிணைப் பரிமாற்ற மன்றம் என்று இன்னொன்று. பத்திரத்தில் அது தனியார் அமைப்பு. அதிகாரத்தைக் கொடுப்பது பேரவை. சீனாவும் தன் தாய்வான் விவகார அலுவலகத்துக்கு முன்னால் 1991 டிசம்பரில் ஒரு சங்கத்தை நிறுத்தியது. தாய்வானில் இந்த மன்றத்துக்கு "வெள்ளைக் கையுறை" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. கை அரசினுடையது, ஆனால் தொடுவது கையுறைதான்.

கையுறைகள் முதலில் பேச எடுத்த விசயம் என்ன தெரியுமோ? நொத்தாரிசு பத்திரங்களும் தொலைந்துபோன பதிவுத் தபாலும். எனக்கு இந்த முழு வரலாற்றிலும் பிடித்த இடம் இதுதான். நாற்பது வருடம் பிரிந்திருந்த குடும்பங்களுக்கு வேறு என்ன வேணும்? அப்பா செத்துவிட்டார், நான்தான் மகன் என்று ஒரு பத்திரம் வேணும். அனுப்பின கடிதம் வந்து சேரவேணும். 1992 ஒக்டோபரில் ஹொங்கொங்கில் கூடியபோது இந்தச் சின்ன விசயங்களே இடறின. பத்திரத்தில் "ஒரே சீனா" என்ற சொல் வரவேண்டும் என்று சீனத் தரப்பு நின்றது. பிறகு கடிதமும் தொலைபேசியுமாகப் பேசி, அவரவர் நிலைப்பாட்டை அவரவர் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்ற மாதிரி விட்டுவிட்டார்கள். 1993 ஏப்ரலில் கூ சென்-ஃபூவும் வாங் தாவோஹானும் சிங்கப்பூரில் சந்தித்து நான்கு ஆவணங்களில் ஒப்பமிட்டார்கள். அதில் ஒன்று பத்திரங்களைச் சரிபார்ப்பது பற்றி. இன்னொன்று பதிவுத் தபால் பற்றி.

இப்போது செய்திகளில் அடிபடுகிற "1992 கருத்தொற்றுமை" அந்த ஹொங்கொங் பேச்சைத்தான் சொல்கிறது. ஆனால் அந்தப் பெயர் 1992இல் இல்லை. 2000இல் பேரவையின் தலைவராக இருந்த சூ சி உருவாக்கியது. அதைப் பிறகு அவரே ஒத்துக்கொண்டார். 1992இல் ஜனாதிபதியாக இருந்த லீ டெங்-ஹுய், அப்படி ஒரு கருத்தொற்றுமையே இல்லை என்றார். தபால் வேலை நடக்கவேணும் எண்டு தெளிவில்லாமல் விட்ட ஒரு இடம், எட்டு வருடம் கழித்து ஒரு கொள்கையாக நிமிர்ந்துவிட்டது.

தெளிவில்லாமல் விடுவது கெட்டிக்காரத்தனம் என்றுதான் பல ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். தபாலுக்கு அது சரி. சந்தையைத் திறப்பதற்கும் அதுவே சரியா? 2013 ஜூனில் இதே கையுறைகள் சேவை வர்த்தக உடன்படிக்கை ஒன்றில் ஒப்பமிட்டன. அது வெளிநாட்டு ஒப்பந்தமும் இல்லை, சாதாரண உள்நாட்டுச் சட்டமும் இல்லை. அப்ப பாராளுமன்றத்துக்கு அதில் எவ்வளவு அதிகாரம்? வாசகம் வாசகமாக ஆராய்வது என்று கட்சிகள் உடன்பட்டிருந்தன. 2014 மார்ச் 17ஆம் திகதி ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர் அரை நிமிடத்தில் பரிசீலனை முடிந்தது என்று அறிவித்தார். அடுத்த நாள் இரவு மாணவர்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். எங்கட வயசுக்காரர்தான். ஏப்ரல் 10 வரை உள்ளே இருந்தார்கள். சூரியகாந்தி இயக்கம் என்று அதற்குப் பெயர் வந்தது. சீனாவோடு செய்கிற உடன்படிக்கைகளைக் கண்காணிக்க முதலில் ஒரு சட்டம் வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. அந்த உடன்படிக்கை கடைசிவரை நிறைவேறவில்லை. 2019இல் சட்டத்தைத் திருத்தி, சீனாவோடு அரசியல் உடன்படிக்கை என்றால் பாராளுமன்றத்தின் முக்கால் பங்கு ஆதரவும் பொதுசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று எழுதினார்கள்.

இதற்கிடையில் 2014 பெப்ரவரியில் பேரவையின் தலைவரும் சீன அலுவலகத் தலைவரும் நான்ஜிங்கில் கையுறை இல்லாமலே சந்தித்தார்கள். ஒருவரை ஒருவர் பதவிப் பெயரால் அழைத்ததே அப்போது பெரிய செய்தி. அது நீடிக்கவில்லை. 2000 முதல் 2004 வரை பேரவையின் தலைவராக இருந்த சாய் இங்-வென் 2016 மே மாதம் ஜனாதிபதியானார். அவர் "1992 கருத்தொற்றுமை" என்ற சொல்லை ஏற்கவில்லை. உத்தியோகபூர்வத் தொடர்பு நிறுத்தப்பட்டது என்று பீஜிங் அறிவித்தது.

பத்திரம் சரிபார்க்கும் வேலை மட்டும் நிற்கவில்லை. ஃபுஜியனில் இருக்கிற நொத்தாரிசு ஒரு பிரதியை அனுப்புவார். தாய்பேயில் மன்றத்தின் கந்தோரில் அதையும் ஆள் கொண்டுவந்த பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இரண்டும் ஒத்துவந்தால் முத்திரை குத்துவார்கள்.