தொடர்புசார் தரவுத்தளத்தைக் கைமுறையாக உருவாக்கல்

தொடர்புசார் தரவுத்தளத்தைக் கைமுறையாக உருவாக்கல் என்பது, தானியங்கி நிறுவியின் துணையின்றி, வழங்கிக் கணினி ஒன்றில் கட்டளைகளை நேரடியாக இட்டுப் புதிய தரவுத்தளம் ஒன்றை அமைப்பதாகும். தரவுகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாகக் கொள்ளும் முறையை 1970 இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் முன்வைத்தார். ஆரக்கிள், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ்கியூஎல் முதலியன இம்முறையைப் பின்பற்றும் மென்பொருள்கள் ஆகும். இக்கட்டுரையில் கட்டற்ற மென்பொருளான போஸ்ட்கிரெஸ்கியூஎல் முதன்மையாகவும், தேனி மாவட்டத்து ஊர்ப்பெயர்களும் நிலப் பதிவுகளும் எடுத்துக்காட்டாகவும் கொள்ளப்படுகின்றன.

தானியங்கி நிறுவி பெரும்பாலும் இயங்குதளத்தின் இயல்பான மொழி அமைப்பையே ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலத் தரவுக்கு அது போதுமானது. தமிழ்த் தரவுக்கு அவ்வாறன்று. எழுத்துக் குறியேற்றமும் இயல்பு அகரவரிசையும் தரவுத்தளம் உருவாகும்போதே முடிவாகிவிடுகின்றன. பின்னர் அவற்றை மாற்ற விரும்பினால், தரவு முழுவதையும் வெளியே எடுத்து வேறொரு தரவுத்தளத்தில் மீண்டும் ஏற்றவேண்டும்.

கொத்தும் அணுக்கமும்

முதலில் தரவுத்தள மென்பொருளுக்கெனத் தனிப் பயனர் கணக்கு ஒன்று வழங்கியில் உருவாக்கப்படுகிறது. அக்கணக்கில் இருந்துகொண்டு 'இனிட்டிபி' என்னும் கட்டளையை இட்டால், குறிப்பிட்ட கோப்புறையில் தரவுத்தளக் கொத்து உருவாகும். வழங்கியின் முதன்மை நிருவாகிக் கணக்கில் இருந்து இக்கட்டளையை இயக்க மென்பொருள் மறுத்துவிடும். இது பாதுகாப்புக்காகவே அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது.

இயல்பு நிலையில் தரவுத்தளம் அதே கணினியில் இருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கும். பிற கணினிகளுக்கு வழிவிட இரண்டு அமைவுக் கோப்புகளைத் திருத்த வேண்டும். யார், எங்கிருந்து, எவ்வகைச் சரிபார்ப்புடன் நுழையலாம் எனக் கூறும் கோப்பு மேலிருந்து கீழாகப் படிக்கப்படுகிறது. முதலில் பொருந்தும் வரியே செல்லும். ஆகவே தாராளமான வரி ஒன்று மேலே இருந்தால், அதன் கீழுள்ள கண்டிப்பான வரிகள் பயனற்றவை.

எழுத்துக் குறியேற்றம்

தமிழ்நாட்டு அரசு 1999 இல் தாப், தாம் ஆகிய 8-பிட்டுக் குறியேற்றங்களை ஏற்றது. 2010 இல் ஒருங்குறியையும் டேஸ்-16 ஐயும் தரப்படுத்தியது. பழைய கோப்புகளில் உள்ள தரவு ஒருங்குறித் தரவுத்தளத்தில் அப்படியே செல்லாது. தாப் முறையில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னும், ஒருங்குறியில் பின்னும் சேமிக்கப்படுவதால், குறிகளை மாற்றுவதோடு வரிசையையும் மாற்றவேண்டும்.

இன்று தெரிவு செய்யத்தக்கது யூடிஎஃப்-8. இதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. 'கம்பம்' என்பது இலக்கணப்படி 4 எழுத்து, ஒருங்குறியில் 6 குறி, சேமிப்பில் 18 பைட்டு. 'போடிநாயக்கனூர்' 8 எழுத்து, 14 குறி, 42 பைட்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் நெடுவரிசையின் நீளத்தைக் குறிகளால் அளக்கிறது. ஆரக்கிள் இயல்பாகப் பைட்டுகளால் அளக்கிறது. எனவே 20 என நீளம் குறித்த ஆரக்கிள் நெடுவரிசையில் கம்பம் அடங்கும், போடிநாயக்கனூர் அடங்காது. ஆரக்கிள் பிழை காட்டி நிறுத்திவிடும். மைஎஸ்கியூஎல் கண்டிப்பற்ற நிலையில் இருந்தால் எச்சரிக்கை மட்டும் தந்து பெயரை வெட்டிச் சேமிக்கும். நிலப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் இவ்வாறு வெட்டுப்படுவது சிறிய குறையன்று. லத்தீன்-1 குறியேற்றம் கொண்ட அட்டவணையில் தமிழை இட்டு அது கேள்விக்குறிகளாக மாறிவிட்டால் மூல எழுத்துகளை மீட்கவும் இயலாது.

மற்றொரு சிக்கல், ஒரே எழுத்தை இருவகையாகச் சேமிக்க முடிவது. கோம்பை (வேட்டைநாய் இனத்தால் பெயர்பெற்ற ஊர்) என்பதன் முதலெழுத்தைக் ககரத்துடன் ஓகாரக் குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் காலும் எனப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தரவுத்தளத்துக்கோ அவை இரண்டு ஊர்கள். தரவை ஏற்றும் முன் இயல்பாக்கம் செய்வதே தீர்வு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் 13 ஆம் பதிப்பு (2020) முதல் இதற்கான செயற்கூறு உள்ளிணைந்துள்ளது.

அகரவரிசை

'சி' எனப்படும் அமைப்பில் சொற்கள் குறி எண்ணின்படி அடுக்கப்படுகின்றன. ஒருங்குறியில் னகரம் நகரத்துக்கு அடுத்து இருப்பதால் தேனி, தேவதானப்பட்டி, தேவாரம் என வரிசை அமையும். தமிழ் நெடுங்கணக்கில் னகரம் இறுதி மெய் ஆதலால் தேவதானப்பட்டி, தேவாரம், தேனி என்பதே சரியானது. தரவுத்தளத்தை உருவாக்கும்போது தமிழ் அகரவரிசையைக் குறிப்பிட்டால் இக்குறை நீங்கும். அப்போது வார்ப்புருவாக 'டெம்பிளேட்0' ஐக் கொள்ளவேண்டும். மற்ற வார்ப்புரு வேறு அகரவரிசையை ஏற்காது. ஐசியு நூலகத்தின் தமிழ் வரிசை 10 ஆம் பதிப்பில் (2017) இருந்து கிடைக்கிறது. அதைத் தரவுத்தளம் முழுமைக்கும் இயல்பாக அமைக்கும் வசதி 15 ஆம் பதிப்பில் (2022) வந்தது.

அட்டவணைகளும் சாவிகளும்

ஊர்ப்பெயரை முதன்மைச் சாவியாகக் கொள்வது தவறு. கூடலூர் கம்பம் பள்ளத்தாக்கிலும் உண்டு, நீலகிரியிலும் உண்டு. புல எண்ணும் தனித்துச் சாவியாகாது. ஒவ்வொரு கிராமத்திலும் 1 இல் இருந்து தொடங்குவது அது. கிராமக் குறியீடு, புல எண், உட்பிரிவு மூன்றும் சேர்ந்தே ஒரு நிலத்தைச் சுட்டும். உட்பிரிவில் எண்ணும் எழுத்தும் கலந்து வருவதால் அதனை உரை வகையாகவே வைக்கவேண்டும்.

மாவட்டப் பெயரைக் கிராமம்தோறும் எழுதுதல் கூடாது. தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம் ஆகிய ஐந்து வட்டங்களை ஓர் அட்டவணையில் வைத்து, மாவட்டத்தை அங்கு மட்டும் குறிப்பிட்டால் போதும். 1996 இல் மதுரையில் இருந்து தேனி பிரிந்தது போன்ற மாற்றம் மீண்டும் நேர்ந்தால் சில வரிகளைத் திருத்துவதோடு வேலை முடியும். வட்டமே பிளவுபட்டால் கிராமங்களின் வட்டக் குறியீட்டையும் மாற்றவேண்டி வரும்.

அட்டவணைகளின் உரிமை ஒரு கணக்குக்கும், நாள்தோறும் தரவை உள்ளிடும் உரிமை வேறொரு கணக்குக்கும் வழங்கப்படுவது வழக்கம். இறுதியாக, 'பிஜி-டம்ப்' கட்டளையால் காப்புநகல் எடுத்து, அதனை வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பார்க்கவேண்டும். தமிழ்ப் பெயர்கள் சில அங்கும் சரியாகத் தெரிகின்றனவா, வரிசை மாறாமல் உள்ளதா என்பவை அப்போது சரிபார்க்கப்படும்.